ஏவியது யார், பார்ப்பது யார்: இரு கொரியாக்களின் உளவுக் கோள்கள்

2023 மே 31, காலை மணி 6:41. தென்கொரியத் தலைநகர் சியோல்வாசிகளின் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. வெளியேறத் தயாராகுங்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்புங்கள் என்றது நகர நிர்வாகத்தின் செய்தி. ஏன், எங்கே என்பதெல்லாம் அதில் இல்லை. பாதித் தூக்கத்தில் எழுந்தவர்கள் மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கையில், இருபத்திரண்டு நிமிடம் கழித்து உள்துறை அமைச்சகத்திடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. முந்தையது தவறுதலாகப் போய்விட்டதாம்.

இத்தனை அமளிக்கும் காரணமான பொருள் அதற்குள் கடலடியில் கிடந்தது. வடகொரியா தன் முதல் ராணுவ உளவு செயற்கைக்கோளை ஏற்றி அனுப்பிய ராக்கெட் அது. இரண்டாம் அடுக்கின் எஞ்சின் சரியாகப் பற்றிக்கொள்ளாததால் மஞ்சள் கடலில் விழுந்துவிட்டது. தோல்வியை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத அரசு, அன்று இரண்டரை மணி நேரத்துக்குள் தானே முன்வந்து ஒப்புக்கொண்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் வடகொரியா, தென்கொரியா இரண்டுமே ஆளுக்கொரு உளவுக் கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்திவிட்டன. நவம்பர் 21 இரவு வடக்கு, டிசம்பர் 2 அதிகாலை தெற்கு. பதினோரு நாள்தான் இடைவெளி. செய்திகளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: நெருப்பு, புகை, கைதட்டல். ஆனால் ஒரு தரப்பு காட்ட விரும்பியது ராக்கெட்டை. இன்னொரு தரப்புக்குத் தேவைப்பட்டது கேமரா. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் பெயர்கள். வடகொரிய ராக்கெட் சொல்லிமா-1, செயற்கைக்கோள் மல்லிக்யோங்-1. தமிழ்க் காதுக்கு ஏதோ வீட்டுப் பேச்சு போலவும் பூக்கடை போலவும் கேட்கும், தொடர்பு எதுவும் இல்லை. 'ரி' என்பது நம் காதம் மாதிரி கொரியர்களின் பழைய தூர அளவு, ஏறத்தாழ 400 மீட்டர். ஆயிரம் ரி தூரத்தை ஒரே நாளில் கடக்கும் புராணக் குதிரை சொல்லிமா. பத்தாயிரம் ரி தூரத்தைக் காட்டும் கண்ணாடி, அதாவது தொலைநோக்கி, மல்லிக்யோங். பெயரிலேயே குதிரைக்கும் கண்ணுக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது.

உளவுக் கோள் வேண்டும் என்று கிம் ஜாங் உன் வெளிப்படையாக அறிவித்தது 2021 ஜனவரியில், கட்சியின் எட்டாவது மாநாட்டில். அதற்கு முன்பு 2012லும் 2016லும் வடகொரியா செயற்கைக்கோள்களை ஏவியிருந்தது. அவை சுற்றுப்பாதைக்குப் போயின, ஆனால் உருப்படியாக எதையும் அனுப்பியதாக வெளியுலகில் யாருக்கும் சான்று கிடைக்கவில்லை. 1998ல் ஏவியது இன்னும் வேடிக்கை. அது விண்ணிலிருந்து தலைவர்களைப் போற்றும் பாடல்களை ஒலிபரப்புவதாக அரசு ஊடகம் சொன்னது. அந்தப் பாட்டு பூமியில் யார் காதிலும் விழவில்லை. ஆனால் அந்த ராக்கெட் ஜப்பான் தலைக்கு மேலே பறந்து போனதுதான், ஜப்பான் தனக்கென்று உளவுக் கோள்கள் வேண்டும் என்று முடிவெடுக்கக் காரணமானது. 2003 மார்ச்சில் ஜப்பானின் முதல் இரண்டு கோள்கள் மேலே போயின. கண் இல்லாத வடகொரியா, எதிர்த்தரப்புக்குக் கண் வாங்கிக் கொடுத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாடு தன் ராக்கெட்டில் தன் செயற்கைக்கோளை அனுப்பினால் உலகத்துக்கு என்ன வந்தது? பிரச்சினை ராக்கெட்டில்தான். செயற்கைக்கோளைச் சுமக்கும் ராக்கெட்டுக்கும் அணுகுண்டைச் சுமக்கும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கும் எஞ்சின், அடுக்குப் பிரிப்பு, திசை நடத்தும் கருவி எல்லாம் ஒரே குடும்பம். ஏவுகணையின் குண்டு திரும்ப வளிமண்டலத்துக்குள் நுழைந்து எரியாமல் இறங்க வேண்டும், செயற்கைக்கோளுக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய வேறுபாடு என்றால் அதுதான். அதனால் 2009ல் வந்த 1874ஆம் எண் தீர்மானம் உள்ளிட்ட ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானங்கள், ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் எந்த ஏவுதலும் வடகொரியாவுக்குக் கூடாது என்கின்றன. விண்வெளி எல்லோருக்கும் பொது, எங்களுக்கு மட்டும் ஏன் தடை என்பது பியாங்யாங்கின் பதில். கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஆறு முறை அணுகுண்டு வெடித்துச் சோதித்த நாடு கேட்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

சரி, கடலில் விழுந்ததற்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. தென்கொரியக் கடற்படை 36 நாள் மஞ்சள் கடலைத் துழாவியது. சுமார் 75 மீட்டர் ஆழத்தில், சேறு கலங்கிய நீரில், முக்குளிப்பவர்கள் இறங்கி ராக்கெட்டின் பெரிய உருளை ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அதன்மேல் 'சொன்மா' (விண்குதிரை) என்று கொரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதோடு செயற்கைக்கோளின் சில முக்கியப் பாகங்களும் சிக்கின. தென்கொரிய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து பிரித்துப் பார்த்துவிட்டு ஜூலை 5 அன்று சொன்ன தீர்ப்பு: உளவுக் கோளாக இதற்கு ராணுவப் பயன் எதுவும் இல்லை. எந்தக் கேமரா, எவ்வளவு தெளிவு என்ற விவரங்களை வெளியிடவில்லை. எதிரி எவ்வளவு மங்கலாகப் பார்க்கிறான் என்று தெரிந்தவர்கள் அதை ஏன் ஊருக்குச் சொல்லப் போகிறார்கள்!

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் வடகொரியா ஒரு சோதனை ஏவுதல் செய்து, சியோலையும் இன்சியோனையும் மேலிருந்து எடுத்த இரு கறுப்பு வெள்ளைப் படங்களை வெளியிட்டது. பயன்படுத்திய கேமராவின் தெளிவு 20 மீட்டர் என்று அவர்களே சொன்னார்கள். அதாவது ஒரு சிறு வீடு முழுதும் படத்தில் ஒரே ஒரு புள்ளி. தெற்கில் கேலி பறந்தது. ஒரே முறை பறந்து அழியப்போகும் சோதனைக்கு யாராவது விலையுயர்ந்த கேமராவை வைப்பார்களா என்று கிம்மின் தங்கை கிம் யோ ஜாங் கோபமாக அறிக்கை விட்டார். அந்தக் கேள்வி ஞாயமானதுதான். ஆனால் சில மாதம் கழித்து உண்மையான கோளின் பாகங்களே கடலிலிருந்து எதிரி கைக்குப் போய்விட்டன.

இங்கே கொஞ்சம் ஒளியியல். சினிமாவில் செயற்கைக்கோள் ஒரு காரைத் தெருத் தெருவாக நேரலையில் துரத்தி, நம்பர் பலகையைப் படிக்கும். நிஜத்தில் அது நடக்காது. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடி ஒரு மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், தரையில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் விலகியிருக்கும் இரண்டு பொருள்களைத்தான் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியும். அதற்குக் கீழே போக ஒளியின் அலைத்தன்மையே விடாது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கீழே இறங்கிப் பறக்க வேண்டும். பெரிய கண்ணாடி என்றால் எடை கூடும், பெரிய ராக்கெட் வேண்டும். கீழே இறங்கினால் காற்றின் உரசலில் கோள் சீக்கிரம் விழுந்துவிடும். சில நூறு கிலோ எடைதான் தூக்க முடியும் என்கிற ராக்கெட்டை வைத்துக்கொண்டு பெரிய கண்ணாடிக்கு ஆசைப்பட முடியாது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2019 ஆகஸ்டில் ஒரு சாட்சி கிடைத்தது. ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ராக்கெட் வெடித்துக் கிடந்த படத்தை அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் தன் ட்விட்டர் பக்கத்தில் போட்டுவிட்டார். நிழல்களின் கோணத்தை வைத்து, அதை எடுத்தது யூஎஸ்ஏ-224 என்ற ரகசியக் கோள்தான் என்று பொழுதுபோக்காக வானத்தைக் கவனிப்பவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். தெளிவு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அந்தக் கோளின் கண்ணாடி ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி அளவுக்குப் பெரியது என்பது பரவலான கணிப்பு. உலகிலேயே பணக்கார உளவுத்துறைக்கே நம்பர் பலகை தெரியாது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நேரம். இந்த உயரத்தில் கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கீழே பூமி உருண்டுவிட்டிருப்பதால், நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தள்ளிப்போய்தான் அடுத்த பாதை விழும். குறிப்பிட்ட ஒரு துறைமுகம் பார்வையில் படுவது நாளில் ஒரு சில நிமிடம். அந்த நேரத்தில் மேகம் மூடியிருந்தால் அதுவும் போச்சு. வரும் நேரம் எதிரிக்கும் தெரியும். இந்தியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1995ல் பொக்ரானில் நடந்த ஆயத்தங்களை அமெரிக்கக் கோள் பிடித்துவிட்டது, சோதனை நின்றது. 1998ல் கோள்கள் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு இரவில் வேலை பார்த்தார்கள், விடிவதற்குள் இயந்திரங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்துல் கலாம் உள்பட விஞ்ஞானிகள் ராணுவ உடையில் நடமாடினார்கள். மே 11 அன்று குண்டு வெடித்த செய்தி வாஷிங்டனுக்கே அதிர்ச்சி.

ஆக ஒற்றைக் கோள் என்பது, பெரிய வீட்டுக்கு நாளில் ஓரிரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காவல்காரர் மாதிரி.

தென்கொரியா இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தது. அவர்களுடைய திட்டத்தின் பெயர் 425. கொரிய மொழியில் அந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் 'சா-இ-ஓ' என்று வரும். ரேடார் கோளையும் ஒளிக் கேமரா கோளையும் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கங்களைச் சேர்த்துச் சொன்னால் எழும் ஒலி அது. ஐந்து கோள்கள் கொண்ட திட்டம்: ஒன்றில் ஒளி மற்றும் அகச்சிவப்புக் கேமரா, மற்ற நான்கிலும் ரேடார். ரேடார்தான் இங்கே உண்மையான உழைப்பாளி. தானே ரேடியோ அலையை வீசி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து படம் வரைவதால் இருட்டு, மேகம், கோடை மழைக்காலம் எதுவும் தடையில்லை. வடக்கின் மலைக் குகைகளிலிருந்து ஏவுகணை வண்டிகள் பெரும்பாலும் இரவில்தானே வெளியே வரும். ஐந்தும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

முதல் கோள் 2023 டிசம்பர் 2, கொரிய நேரம் அதிகாலை 3:19க்குக் கிளம்பியது. கிளம்பிய இடம் கொரியா இல்லை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள வாண்டன்பெர்க் தளம். ராக்கெட்டும் கொரியாவுடையது இல்லை, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9. ஷேர் ஆட்டோவில் போவதுபோல, அதே ராக்கெட்டில் அயர்லாந்து நாட்டின் முதல் செயற்கைக்கோளும் போனது. தெற்கிடம் சொந்த ராக்கெட் இல்லாமல் இல்லை. நூரி என்ற ராக்கெட் 2022 ஜூனிலேயே வெற்றிகரமாகப் பறந்தது. இருந்தும் விலைமதிப்பான கேமராவை, நூற்றுக்கணக்கான முறை பறந்து பழகிய வாடகை வண்டியில் ஏற்றினார்கள். தெளிவு 30 சென்டிமீட்டர் என்று கொரிய ஊடகங்கள் எழுதின. இந்த முடிவில் தேசப் பெருமை கொஞ்சம் அடிபட்டிருக்கலாம், ஆனால் வேலை நடந்தது.

வடக்கு இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் 24 அன்று இரண்டாவது முயற்சி, மூன்றாம் அடுக்கு பறக்கும்போது கோளாறு, மறுபடி தோல்வி. செப்டம்பர் 13 அன்று கிம் ரயிலேறி ரஷ்யாவின் வோஸ்தோச்னி விண்வெளித் தளத்துக்குப் போய் புதினைச் சந்தித்தார். செயற்கைக்கோள் செய்ய உதவுவீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு, அதற்காகத்தானே இங்கே வந்திருக்கிறோம் என்ற தொனியில் புதின் பதில் சொன்னார். சந்திப்புக்கு அவர்கள் தேர்ந்த இடமே பாதிப் பதில். நவம்பர் 22இலிருந்து டிசம்பர் 1க்குள் ஏவுவோம் என்று ஜப்பானுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அந்தக் காலக்கெடு தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே, 21ஆம் தேதி இரவு 10:42 வாக்கில் ஏவினார்கள். இந்த முறை முதல் அடுக்கு பிரிந்த பிறகு நடுவானில் வெடித்துச் சிதறியது யோன்சே பல்கலைக்கழகத்தின் வானியல் கேமராவில் பதிவானது. மறுபடி யாரும் கடலில் தேடி எடுத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். மே மாதப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள். ரஷ்ய உதவி கிடைத்தது என்று தென்கொரிய உளவுத்துறை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தெரிவித்தது.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. வடகொரியாவின் சோஹே தளத்திலிருந்து துருவங்களை ஒட்டிய சுற்றுப்பாதைக்கு நேராகப் போனால் சீனக் கரையோரமாகப் போய் தைவான் தலைமேல் பறக்க நேரும். அதனால் முதலில் தெற்கே கடலுக்கு மேல் போய், பிறகு வளைத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பத்துக்கு எரிபொருள் செலவு, அந்த அளவுக்குச் சுமை குறையும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இதே தலைவலிதான், நேரே தெற்கில் இலங்கை இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுவதற்கு முக்கியக் காரணம் அந்த வளைவைத் தவிர்ப்பது.

மல்லிக்யோங்-1 சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டது. அது உண்மை, அமெரிக்கக் கண்காணிப்பே உறுதிசெய்தது. அடுத்த சில நாட்களில் வெள்ளை மாளிகை, பென்டகன், நார்ஃபோக் கடற்படைத் தளம், குவாம் விமானத் தளம், ரோம் நகரம் என்று வரிசையாகப் படங்களைக் கிம் பார்வையிட்டதாக அரசு ஊடகம் சொன்னது. பூசான் துறைமுகத்தில் நின்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் கார்ல் வின்சனும் அதில் உண்டாம். அந்தக் கப்பல் பூசானுக்கு வந்திருந்தது தென்கொரியப் பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்தி! வடக்கு ஒரு படத்தைக்கூட வெளியிடவில்லை. மங்கலான 20 மீட்டர் படத்தையே பெருமையாக வெளியிட்டவர்கள் இதை மறைப்பானேன்? ஒன்று, தெளிவு போதாது. இல்லை, தெளிவு எவ்வளவு என்று காட்டிக்கொடுக்க விருப்பமில்லை. முதலாவதுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, வேலை எதுவும் செய்யவில்லை என்று 2024 பிப்ரவரியில் தென்கொரியப் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அதே மாதத்தில் அந்தக் கோள் தன் சுற்றுப்பாதையைச் சில கிலோமீட்டர் உயர்த்திக்கொண்டதை செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் நெதர்லாந்துக்காரர் மார்கோ லாங்புரூக் கவனித்துச் சொன்னார். பார்க்கிறதோ இல்லையோ, சொன்ன பேச்சைக் கேட்கிறது, எரிபொருளும் இருக்கிறது. முன்னே அனுப்பியவை எதுவும் செய்யாத காரியம் அது.

கோள் மேலே போனதன் உடனடி விளைவு தரையில்தான் தெரிந்தது. 2018 செப்டம்பரில் இரு கொரியாக்களும் எல்லையில் பதற்றம் குறைக்க ஓர் ராணுவ ஒப்பந்தம் போட்டிருந்தன. எல்லையை ஒட்டி உளவு விமானங்கள் பறக்கக் கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. ஏவிய மறுநாளே தெற்கு அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. அதற்கு மறுநாள் வடக்கு ஒப்பந்தத்தையே தூக்கி எறிந்தது, இடித்த காவல் சாவடிகளை மறுபடி கட்டத் தொடங்கியது. மேலிருந்து எதைப் பார்த்தது என்றே தெரியாத ஒரு கேமரா, இரண்டே நாளில் எல்லைக்கோட்டில் துப்பாக்கிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

உளவுக் கோள்கள் எப்போதும் இப்படிப் பகை வளர்ப்பவை இல்லை. 1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொரோனா திட்டத்தில் விண்ணிலிருந்து இறங்கிய ஃபிலிம் பெட்டியை ஹவாய் அருகே விமானம் ஒன்று நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது. அந்த ஒரு சுருள், அதுவரை அமெரிக்காவின் யூ-2 உளவு விமானங்கள் எடுத்த எல்லாப் படங்களையும்விட அதிக சோவியத் நிலப்பரப்பைக் காட்டியது. சோவியத்திடம் ஏவுகணைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன என்ற பயம் அடுத்த ஓராண்டில் கரைந்துபோனது. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களே பிற்பாடு இந்தக் கண்களை நம்பித்தான் எழுதப்பட்டன. ஆனால் அதற்கு இரு தரப்பும் தெளிவாகப் பார்க்க வேண்டும். தூரத்து இலக்குகளுக்கு ஏவுகணை வைத்திருக்கும் வடக்குக்கு, இலக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் கண் இல்லை. அரைக் கண் கிடைத்தால் பயம் குறையுமா, தவறாகப் பார்த்துவிட்டு அவசரப்படுமா என்பதுதான் சியோலின் கவலை.

2024ல் இன்னும் மூன்று கோள்கள் என்று கிம் அறிவித்தார். மே 27 அன்று ஒன்று கிளம்பியது, திரவ ஆக்சிஜனும் பெட்ரோலியமும் எரிக்கும் புதிய எஞ்சினோடு. வடகொரியா அதுவரை செயற்கைக்கோள் ராக்கெட்டில் பயன்படுத்தாத, ரஷ்யர்களுக்கு நன்றாகத் தெரிந்த எரிபொருள் ஜோடி அது. முதல் அடுக்கு பறக்கும்போதே வெடித்துத் தீப்பந்தானது. அந்த ஆண்டு வேறு எதுவும் மேலே போகவில்லை. தடைகள் மீறப்படுகின்றனவா என்று கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழு மட்டும் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது, மார்ச் 28 அன்று ரஷ்யா வீட்டோ போட்டதால். தெற்கோ 2024 ஏப்ரல், டிசம்பர், 2025 ஏப்ரல், நவம்பர் என்று நான்கு ரேடார் கோள்களையும் வாடகை வண்டியிலேயே ஏற்றி முடித்தது.

சோஹேயில் வேலை நிற்கவில்லை. 2022ல் கிம் நேரில் வந்து தளத்தை விரிவாக்கச் சொன்ன பிறகு கடலோரத்தில் புதிய ஏவுமேடை வந்தது. பெரிய பாகங்களைக் கப்பலில் இறக்க ஒரு துறையும் கட்டுகிறார்கள், மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். பெரிய ராக்கெட், அப்படியென்றால் பெரிய கண்ணாடி. இந்த விவரங்களை வெளியே சொன்னது எந்த ராணுவமும் இல்லை. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் தனியார் செயற்கைக்கோள் படங்களில், வாஷிங்டனிலும் சியோலிலும் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் சில ஆய்வாளர்கள் பார்த்துச் சொன்னவை. அந்தப் படங்களின் தெளிவு 30 சென்டிமீட்டரிலிருந்து 50 வரை.